இடது காலின் வேலை

சேரன்மகாதேவி
12.2.2024

கொழுந்தனார் மணிராஜுக்கு,

கலையரசி எழுதுகிறேன். போனில் கூப்பிடாமல் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாளே என்று உங்கள் வீட்டுக்காரி வேணியிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். போனில் நான் பேசியதைப் பதிவுசெய்து, அதில் உங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து, உங்கள் தாய்மாமா ஐயம்பெருமாள் வீட்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் போட்டுக் காட்டினீர்கள். "காலு ஒடிஞ்சாலும் வண்டிய நாந்தான் ஓட்டுவேன். ஒங்களுக்குத் தாரதுக்கு அதக் கொளுத்திப் போட்டுருவேன்." என் குரல்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் நீங்கள் பேசியது எங்கே போயிற்று? "எங்க அண்ணன் அஸ்தி கரைச்ச ஈரம் காயல, அதுக்குள்ள ஸ்டீரிங் புடிக்க ஆசையோ" என்று கேட்டீர்களே, அது யார் காதிலும் விழவில்லை. மாமா தலையில் அடித்துக்கொண்டார். அத்தை, உங்களைப் பெற்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இனி உங்களோடு பேசுவதெல்லாம் எழுத்தில்தான். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் விட்டுப்போன லாரியை நான் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அதன் கிளட்ச் என்னோடு மல்லுக்கட்டுகிறது. உட்கார்ந்த மேனிக்கு மிதித்தால் இறங்க மாட்டேன் என்கிறது. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பைச் சீட்டிலிருந்து தூக்கி, உடம்புக் கனத்தை எல்லாம் இடது காலில் இறக்கினால்தான் கியர் விழுகிறது. களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி ஏர்வாடி வரைக்கும் சமாளித்துவிடுகிறேன். வள்ளியூர் கடைவீதி நெரிசலில் நகர்ந்து நின்று, நகர்ந்து நின்று போவதற்குள் முழங்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிடுகிறது. நாகர்கோவிலில் லோடு இறக்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறேன்.

உங்கள் அண்ணன் இருந்தவரை அந்த டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. பொம்பளை கால் பட்டால் வண்டி கைமாறிவிடும் என்று உங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. ஹெவி லைசென்ஸ் எடுக்கச் சொன்னதே அவர்தான். ஆனால் "என் சீட்ல மட்டும் ஒக்காராத" என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த மிதி முன்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் அந்த வண்டிக்கு எப்போதும் வேலை பார்த்தவர். கொஞ்சம் லேசாக்கித் தாருங்கள். மற்றவர்களிடம் வாங்குகிற கூலியை என்னிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். உறவைச் சொல்லிக் கேட்கவில்லை.

கலையரசி


வண்ணார்பேட்டை
20.2.2024

மதினிக்கு,

மணிராஜ் எழுதுவது. வீட்டுக்கு அனுப்பாமல் பட்டறைக்கே தபால் அனுப்பிவிட்டீர்கள். "அண்ணாச்சிக்குக் கலியாணப் பத்திரிகை வந்திருக்கு" என்று வேலைக்காரர்கள் கேலி பேசுகிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், குறையாக நினைக்க வேண்டாம்.

போனைப் பதிவு செய்தது தப்பு என்கிறீர்கள். பேசியது தப்பில்லையா? அண்ணன் சாமியாகக் கும்பிட்ட வண்டியைக் கொளுத்துவேன் என்று ஒரு பொம்பளை சொன்னால் அதைப் பெரியவர்கள் கேட்க வேண்டாமா?

கிளட்ச் விஷயம். அண்ணன் காரியம் முடிந்த கையோடு வண்டியைப் பட்டறையில் நிறுத்தி நானே முழுதும் பார்த்துத்தான் அனுப்பினேன். ஆயில் மாற்றி, தேய்ந்ததை மாற்றி, கிரீஸ் வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது. அது பழைய வண்டி. இப்போது வருகிற வண்டிகளில் காற்றழுத்தம் பாதி வேலையைப் பார்க்கும், விரலால் தொட்டால் போதும். இதில் அந்த வசதி கிடையாது. கால் பலம் ஒன்றுதான். அண்ணன் அந்த மிதியைத்தான் தினமும் மிதித்தான், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அண்ணன் காலுக்கு இறங்கியது, உங்கள் காலுக்கு இறங்கவில்லை என்றால் குறை வண்டியில் இல்லை. அது ஆம்பளைக் கால் கேட்கிற வண்டி.

நான் சொல்வது ஒன்றுதான். வண்டியை என்னிடம் விடுங்கள். ஓட்டுகிறேன், வருகிறதில் உங்களுக்கு உள்ளதைக் கொடுக்கிறேன், நீங்கள் மரியாதையாக வீட்டில் இருக்கலாம். அண்ணன் கால் முறிந்து கிடந்தபோது பட்டறையைப் பூட்டிவிட்டு மாசக்கணக்கில் அந்த லாரியை ஓட்டி உங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தவன் நான். அதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை.

மணிராஜ்


சேரன்மகாதேவி
3.3.2024

கொழுந்தனாருக்கு,

"அண்ணன் காலுக்கு இறங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காலுக்கு?

உங்கள் அண்ணன் முக்கூடல் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து முறித்துக்கொண்டது இடது கால். உள்ளே இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூ முறுக்கினார்கள். அதற்குப் பிறகு அவரால் சம்மணம் போட்டு உட்கார முடிந்ததில்லை. கோயிலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட, அவர் மட்டும் தூணோரமாக நின்றுகொண்டு சாப்பிடுவார். வீட்டில் அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் கட்டிலில் வைப்பார். அந்தக் காலால், நான் இடுப்பைத் தூக்கி ஏறி நின்று மிதிக்கிற மிதியை, முகம் சுளிக்காமல் மிதித்தாராம். உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவையும் படித்தேன். இது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏன் தோன்றவில்லை என்றும் சொல்கிறேன். அவர் திரும்ப வண்டி ஏறிய அன்று, நான் தினமும் தேய்த்துவிட்ட எண்ணெயில்தான் கால் தேறிவிட்டது என்று நினைத்தேன். பெருமையாகப் பக்கத்து வீட்டிலெல்லாம் சொன்னேன். அவரும் "ஆமா, ஒன் கைப்பக்குவந்தான்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே வண்டியைப் பாளையங்கோட்டையில் ஜெபசீலன் அண்ணாச்சி ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கிளட்ச் பக்கமே போகவில்லை. மிதிக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "இங்கன வாங்க தங்கச்சி" என்று கூப்பிட்டுக் காட்டினார். மேலே ஒரு கொக்கி வெல்டு வைத்திருக்கிறது. மிதிக் கம்பியில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. இரண்டும் உரசி உரசிப் பளபளவென்று தேய்ந்திருக்கின்றன. "இதுல ஒரு ஸ்பிரிங் கெடந்திருக்கு. மிதி பாதி எறங்குனதும் இந்த ஸ்பிரிங் பக்கம் மாறி, நம்ம காலோட சேந்து அதுவும் கீழ இழுக்கும். நல்லாச் செஞ்சிருக்கான். கழட்டி ரொம்ப நாளாகல, இப்பதான் லேசாத் துரு புடிக்கி" என்றார்.

காரியம் முடிந்த கையோடு முழுதும் பார்த்து அனுப்பினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஸ்பிரிங் எங்கே?

கலையரசி


வண்ணார்பேட்டை
15.3.2024

மதினிக்கு,

ஸ்பிரிங் இருந்தது, இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? பழசாகிக் களைத்துப்போய் இருந்தது. ஓட்டத்தில் அறுந்தால் கொக்கி தெறித்து முகத்தில் அடிக்கும். ஒரு பொம்பளை ஓட்டப் போகிற வண்டியில் அப்படி ஒன்றை விட்டுவைக்கலாமா? கழற்றிக் காயலான் கடையில் போட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன். நல்லது செய்தவனைக் கூண்டில் ஏற்றுவது உங்கள் குணம்.

ஜெபசீலன் கார் வேலைக்காரர். சர்ச் வாத்தியார்களின் பழைய கார்களைத் தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணத்தான் லாயக்கு. லாரியைத் தொட விடாதீர்கள். அந்த மாதிரி ஸ்பிரிங் வைப்பது விளையாட்டு இல்லை. கொக்கி விரல் அகலம் தள்ளிப்போனாலும் மிதி பாதியில் நின்றுவிடும். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. வள்ளியூர் சந்தையில் நீங்கள் லாரிக்குள் காலை நீட்டிப் படுத்திருக்கிற போட்டோவை யாரோ எடுத்து நம் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. "எம்மவன் சீட்டுல இப்படிக் கெடக்காளே" என்று ஒரே புலம்பல். உங்களுக்கு முழங்கால் வலி. எங்களுக்குத் தெருவில் தலைநிமிர முடியவில்லை. வேணியின் அண்ணன்மார் என் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள், "ஒங்க வீட்டு மதினி ட்ரிப் அடிக்காவளாமே, நீரு சும்மா இருக்கீரோ" என்று. நான் என்ன பதில் சொல்ல?

வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள். பிரச்சினை அன்றோடு முடிந்தது.

மணிராஜ்


சேரன்மகாதேவி
9.5.2024

கொழுந்தனாருக்கு,

நீங்கள் சந்தோஷப்படுகிற மாதிரி ஒரு செய்தி. ஜெபசீலன் அண்ணாச்சி வேறு லாரியில் கழற்றிய ஸ்பிரிங் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். மிதி வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஆனால் ஏறவில்லை. இறங்கிய மிதியை அந்த ஸ்பிரிங் மேலே விட மாட்டேன் என்றது. மிதித்த காலையே அடியில் விட்டுப் புறங்காலால் தூக்கித் தூக்கி ஓட்டினேன். பழகிவிடும் என்று நினைத்தேன்.

காவல்கிணறு தாண்டி, ஆரல்வாய்மொழிக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறதே, அங்கே வைத்து இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. மிதி முழுதாக மேலே வராமல் கிளட்ச் பிளேட் உரசி உரசிக் கருகிவிட்டது. அந்த நாற்றம் இன்னும் என் சேலையில் இருக்கிறது. இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ரோட்டோரத்தில் நின்றேன். அத்தனையும் ஏத்தன் வாழைத்தார். சித்திரை வெயில். வேறு வண்டி பிடித்து மாற்றி ஏற்றுவதற்குள் தார் எல்லாம் நிறம் மாறிவிட்டது. "பழுத்துப் போனத வாங்கி நான் என்னத்தச் செய்ய" என்று சந்தையில் பாதியைத் திருப்பிவிட்டார்கள். களக்காட்டு வியாபாரி மணியான மனுஷர், திட்டவில்லை. "அடுத்த லோடு பையப் பாக்கலாம்மா" என்றார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை இப்படி ஆனால் எனக்கு லோடு கிடையாது. லோடு இல்லாமல் வண்டி எனக்கு எதற்கு? நீங்கள் கேட்காமலே அது உங்கள் வாசலில் வந்து நிற்கும்.

ஜெபசீலன் அண்ணாச்சி ரொம்பச் சங்கடப்பட்டுவிட்டார். அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார், கிளட்ச் பிளேட் மாற்றிய கூலியை வாங்கவே இல்லை. "இது அளவு தெரிஞ்சவன் செய்யணும் தங்கச்சி. கம்பி கனம், சுத்து, நீளம் எல்லாம் இந்த வண்டிக்கு இந்தக் கொக்கிக்குன்னு பாத்துச் செஞ்சது. நான் தடவித் தடவிப் பாத்துட்டிருந்தா அடுத்த பிளேட்டும் போயிரும்" என்கிறார்.

எலும்பு டாக்டரிடமும் போனேன். முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். இதே கனத்தை இன்னும் மிதித்துக்கொண்டிருந்தால் கால் மடங்காமலே போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்.

நான் உங்களிடம் இப்போது ஸ்பிரிங்கைக் கேட்கவில்லை. காயலான் கடையில் போட்டதாகச் சொல்லிவிட்டீர்கள், சரி. அளவை மட்டும் எழுதி அனுப்புங்கள். எவ்வளவு கனம், எவ்வளவு நீளம். ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். நான் இதுவரை உங்களைப் பற்றி எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மாமா வீட்டில் எல்லோர் முன்னாலும் வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இதைவிடக் கீழே இறங்க எனக்குத் தெரியவில்லை.

கலையரசி


வண்ணார்பேட்டை
2.6.2024

மதினிக்கு,

அளவு எந்த நோட்டிலும் இல்லை. என் கையில் இருக்கிறது. அதை எழுதித் தர முடியாது.

அந்த ஸ்பிரிங் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தகடு வைத்த காலோடு அண்ணன் முதல்நாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். மிதி அசையவில்லை. ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதான். என் முன்னால் அவன் அழுதது அந்த ஒரு தடவைதான். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். நான் வந்த வேலையை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, ஸ்பிரிங் மேல் ஸ்பிரிங்காகச் சுற்றி, கொக்கியை வைத்துப் பார்த்து, அறுத்து, மறுபடி வைத்து, அண்ணன் காலைப் பிடித்து மிதிமேல் வைத்து "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று கேட்டுக் கேட்டுச் செய்தேன். கடைசியில் அவன் காலுக்கு அது பொருந்தியது. வண்டிக்கு அடித்த நீலப் பெயிண்டில் மிச்சமிருந்ததை அவனே அதற்கும் பூசினான்.

அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? வள்ளியூர் ஸ்டாண்டில் டிரைவர்கள் கேட்டபோது "கம்பெனிலயே வச்சு வந்தது" என்று சொல்லியிருக்கிறான். தம்பி செய்தான் என்று சொன்னால் கால் விஷயம் வெளியே வருமாம். உங்களிடம் எண்ணெய் என்றான். என் பேர் எங்கேயும் இல்லை. அவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே பத்து லாரி என் பட்டறைக்கு வந்திருக்கும். ரோடு அகலப்படுத்துகிறோம் என்று முன்பக்கத்தை இடித்துப்போட்ட பிறகு என் பட்டறைக்கு லாரியே வருவதில்லை. பைக்கும் ஆட்டோவும்தான். நான் எங்கே போய்ப் பிழைக்க?

அது வண்டிக்குச் செய்ததல்ல. அண்ணன் காலுக்குச் செய்தது. அவன் போனபிறகு நான் எடுத்துக்கொண்டேன். அது எங்கே இருந்தால் உங்களுக்கென்ன? வண்டியை விடுங்கள், அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

ஆவணியில் அண்ணன் வருஷத் திவசம். அம்மா இங்கே என் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்கிறாள். சண்டையை வாசலில் விட்டுவிட்டு வரவும்.

மணிராஜ்


வண்ணார்பேட்டை
10.9.2024

கலையரசிக்கு,

மதினி என்று எழுதக் கை வரவில்லை.

திவசத்துக்கு வந்த வீட்டில், இலையில் வைத்த பிண்டத்தைக் காக்காய் எடுப்பதற்கு முன்னால், எங்கள் கேட்டில் கிடந்த பொருளைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். நான் ஆற்றங்கரையிலிருந்து வருவதற்குள் நீங்கள் பஸ் ஏறியாயிற்று. மாமா பார்த்திருக்கிறார். அம்மா பார்த்திருக்கிறாள். யாரும் தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வேணியைக் கேட்டால் "எனக்குத் தெரியாது" என்கிறாள்.

கேட் மூட மாட்டேன் என்கிறது. தெரு மாடெல்லாம் முற்றத்தில் நிற்கிறது. பொருளைக் கொண்டுவந்து வைக்கவும். இல்லையென்றால் போலீசுக்குப் போக வேண்டியிருக்கும்.

மணிராஜ்


சேரன்மகாதேவி
17.9.2024

கொழுந்தனாருக்கு,

போலீசுக்குத் தாராளமாகப் போங்கள். என்ன காணாமல் போயிற்று என்று கேட்பார்கள். லாரி கிளட்ச் ஸ்பிரிங் என்று எழுதிக் கொடுங்கள். உங்களிடம் லாரி இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பார்கள்.

நான் திருடத் திட்டம் போட்டு வரவில்லை. பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, சண்டையை வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். கேட்டைத் தள்ளி உள்ளே நுழைந்தேன். எனக்குப் பின்னால் அது சத்தமில்லாமல், தானாக, பைய வந்து மூடிக்கொண்டது. நல்ல கேட் என்று திரும்பிப் பார்த்தேன். கேட்டை இழுத்த ஸ்பிரிங்கில் நீலப் பெயிண்ட். உங்கள் அண்ணன் தூரிகை பிடித்தால் எப்போதும் ஒரு பக்கம் வழிந்திருக்கும். அந்த வழிசல் அதிலும் இருந்தது. ஒரு வருஷம் நான் இடுப்பைத் தூக்கித் தூக்கி மிதித்துக்கொண்டிருந்தபோது அது இங்கே மாட்டை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது. காயலான் கடையில் கிடந்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தேன். இழுத்துப் பிடித்திருந்ததால் கொக்கி வரவில்லை. மாமா "என்னம்மா பண்ணுத, இன்னைக்குப் போயி" என்றார். "மாமா, இது ஒங்க மருமவன் காலு" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வேணிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, தெரியாது என்றே இருக்கட்டும். ஆனால் யாரோ ஒருத்தி வந்து கேட்டை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். ஸ்பிரிங் தளர்ந்தது. கொக்கி கையோடு வந்தது.

ஜெபசீலன் அண்ணாச்சி அதைப் பழைய கொக்கியிலும் பழைய ஓட்டையிலும் மாட்டினார். அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறவில்லை, வேலை முடிந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் இடுப்பைத் தூக்கி மிதித்தேன். மிதி சட்டென்று இறங்கி என் பாதம் தரையில் போய் இடித்தது. பிறகு உட்கார்ந்த மேனிக்கு மிதித்தேன். இறங்கியது. காலை எடுத்தேன். ஏறியது. "எப்படிம்மா இருக்கு" என்று அண்ணாச்சி கேட்டார். இன்னொரு தடவை மிதித்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு டீ ஆறுகிற நேரத்து வேலை. இதற்குத்தான் நீங்கள் ஒரு வருஷம் என்னிடம் ஆம்பளைக் கால், பொம்பளைக் கால் என்று கதை சொன்னீர்கள்.

உங்கள் அண்ணன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்களுக்குச் சேர வேண்டிய பெயரை அவர் தரவில்லை, அது தப்புதான். எனக்கும் உண்மையைச் சொல்லவில்லை. எண்ணெய் என்று என்னைப் பைத்தியக்காரி ஆக்கினார். ஒரே ஒரு தடவை அந்தச் சீட்டில் என்னை உட்கார வைத்து "மிதிச்சுப் பாரு, இது மணி செஞ்சது" என்று சொல்லியிருந்தால், நீங்கள் அதைக் கழற்றியிருக்க முடியாது. நானும் ஊரெல்லாம் உங்கள் பேரைச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் கம்பெனியிலேயே வைத்து வந்தது என்றுதான் சொல்வேன்.

மாமா வீட்டில் நீங்கள் போட்டுக் காட்டிய பதிவு இன்னும் போனில் இருந்தால் இன்னொரு தடவை கேட்டுப்பாருங்கள். "காலு ஒடிஞ்சாலும் நாந்தான் ஓட்டுவேன்." எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டீர்கள். போன வாரம் டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார், இடது முழங்கால் இனி முழுதாக மடங்காது. ஆபரேஷன் செய்தாலும் பாதிதான் தேறுமாம். நேற்றுக் கோயிலில் அன்னதானம். நான் தூணோரமாக நின்றுகொண்டு சாப்பிட்டேன். லாரியில் ஏறும்போது இந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் உள்ளே வைக்கிறேன்.

அது வண்டிக்குச் செய்ததல்ல, அண்ணன் காலுக்குச் செய்தது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். முறிந்த காலுக்கு அளவெடுத்துச் செய்தது. இந்த ஒரு வருஷத்தில் என் காலையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். கச்சிதமாகப் பொருந்துகிறது.

நாளை களக்காட்டில் லோடு. கேட்டுக்கு வேறு ஸ்பிரிங் செய்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத வேலையா?

கலையரசி